ஆதிலட்சுமி வூடு ஸ்டாப்பிங்

கண்டக்டர் ராஜாராம் ஒற்றை விசில் கொடுத்தான். பஸ் நின்றது. எல்லாரும் இறங்கினார்கள். ஆதிலட்சுமி மட்டும் மடியில் இருந்த மிளகாய் மூட்டையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள்.

“எறங்குக்கா, பஸ்ஸு திரும்பணும்,” என்றான் ராஜாராம்.

“நான் எங்க போறதுக்கு டிக்கெட் எடுத்தேன்?”

“ஆதிலட்சுமி வூடு.”

“இது ஆதிலட்சுமி வூடா?”

ராஜாராம் குனிந்து ஜன்னல் வழியாகப் பார்த்தான், ஏதோ அவனுக்கே சந்தேகம் போல. இரண்டு ரோடு கூடுகிற இடம். ஒரு பக்கம் சப்பாத்திக்கள்ளி. மறுபக்கம் கல்லாங்குத்து நிலம். அதன் ஓரத்தில் ஒரு ஓலைக் கொட்டகை, கொட்டகைக்குள் ஒரு பாய்லர், பாய்லருக்குப் பின்னால் இந்திராணி.

“இது கூட்டுரோடுக்கா. வாய்ப் பழக்கத்துல உனக்கு அந்த டிக்கெட்ட கிழிச்சிட்டேன். இன்னிலேர்ந்து பஸ்ஸு இதோட சரி. ஊருக்குள்ள போவாது. ஆர்டர் வந்துட்டுது.”

“யார் போட்ட ஆர்டரு?”

“மேல. யாரோ எழுதிப் போட்டாங்களாம். எனக்கு அதுக்கு மேல தெரியாது.”

ஆதிலட்சுமி இறங்கினாள். ஓலைக் கொட்டகையிலிருந்து அவள் ஓரகத்தி, அதாவது கொழுந்தன் தாமோதரனின் பெண்டாட்டி இந்திராணி, வாயெல்லாம் பல்லாகக் கூப்பிட்டாள்.

“வாக்கா, ஒரு டீ குடிச்சிட்டுப் போ. வெயில்ல ஒரு மைலு நடக்கணுமே.”

எழுதிப் போட்டது யார் என்று ஆதிலட்சுமிக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

‘ஆதிலட்சுமி வூடு’ என்பது ஒரு வீடு மட்டும் அல்ல, ஸ்டாப்பிங். ஐந்து வருஷத்துக்கு முன்னால் காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் வழியாக ஏரிமேட்டுக்கு முதல் பஸ் வந்தபோது, அது திரும்புவதற்கு ஊரில் இடம் இல்லை. ஆதிலட்சுமி வீட்டு முன்னால் இருந்த நெல்லடிக்கிற களம் ஒன்றுதான் அகலம். புருஷன் கன்னியப்பன் அந்த நேரம் வயலில் இருந்தான். தாராளமாகத் திருப்பிக்கொள்ளட்டும் என்று அவளே சொன்னாள். கண்டக்டர் காதிலிருந்து பென்சிலை எடுத்து, ஸ்டாப்பிங்குக்கு ஒரு பேர் வேண்டும், உங்கள் பேர் என்ன என்று கேட்டான். சொன்னாள். அவ்வளவுதான், அவள் பேர் பஸ்ஸில் ஏறிவிட்டது.

உத்திரமேரூரில் முன்பின் தெரியாத ஆட்களெல்லாம் “ஒரு ஆதிலட்சுமி வூடு குடுப்பா” என்று சில்லறை நீட்டினார்கள். பஸ் களத்தில் வட்டம் அடிக்கும்போது ராஜாராம் படியில் தொங்கிக்கொண்டு, “ஆதிலட்சுமி, ஆதிலட்சுமி, ஆதிலட்சுமியெல்லாம் எறங்கு” என்று கூவுவான். ஊரில் மற்றப் பெண்பிள்ளைகளுக்கெல்லாம் இன்னார் பெண்டாட்டி, இன்னார் அம்மா என்றுதான் பேர். ஆதிலட்சுமி ஒருத்திக்குத்தான் ஆதிலட்சுமி என்று பேர்.

கூட்டுரோட்டு நிலத்துக்கும் ஒரு கதை உண்டு. மாமனார் போனபிறகு பாகம் பிரித்தபோது, மூத்தவர்கள் முதலில் எடுத்துக்கொள்ளட்டும் என்றார்கள். கன்னியப்பன் வாயைத் திறப்பதற்குள் ஆதிலட்சுமி ஏரிக்கரை நஞ்சையைச் சொல்லிவிட்டாள். மிச்சம் இருந்தது கூட்டுரோட்டில் ரெண்டு ஏக்கர் கல். அது தாமோதரனுக்குப் போயிற்று. இந்திராணி மூன்று நாள் அழுதாள். ஆதிலட்சுமி கூடவே உட்கார்ந்து, கல்லும் நிலந்தானே, மழை பெய்தால் அதிலும் புல் முளைக்கும் என்று மனசார ஆறுதல் சொன்னாள். அவ்வளவு மனசார அவள் யாருக்கும் ஆறுதல் சொன்னதில்லை.

அந்தக் கல்லின் மேல்தான் இப்போது பஸ் நிற்கிறது.

மிளகாய் மூட்டையோடு ஒரு மைல் நடந்து வீட்டுக்கு வந்தபோது கன்னியப்பன் கன்றுக்குட்டியைக் கட்டிக்கொண்டிருந்தான். நடந்ததைச் சொன்னாள். இந்திராணியின் பல்லைப் பற்றியும் சொன்னாள்.

“வுடு, இந்தா. பஸ்ஸு தொலைஞ்சா களத்துல நெல்லு காயவைக்கலாம்,” என்று சொல்லிவிட்டு, அவன் அன்றைக்குக் கேழ்வரகுக் களி ஒரு உருண்டை கூடுதலாகவே சாப்பிட்டான்.

இவனை நம்பிப் பிரயோஜனம் இல்லை என்று ஆதிலட்சுமி முடிவு கட்டினாள். எழுதிப் போட்டுப் போன பஸ்ஸை எழுதிப் போட்டுத்தான் கொண்டுவரவேண்டும்.

உத்திரமேரூர் யூனியன் ஆபீசுக்கு எதிரே புங்கமரத்தடியில் மேஜை போட்டு உட்கார்ந்திருப்பவர் பஞ்சாட்சரம். ரிட்டையரான வாத்தியார். எழுதத் தெரியாதவர்களுக்கும், தெரிந்தும் கையெழுத்தைக் காட்ட விரும்பாதவர்களுக்கும் பெட்டிஷன் எழுதிக்கொடுப்பார்.

“பேர் போட்டா, போடாமயா?”

“போடாம.”

“மொட்டை,” என்று பேனாவைத் திறந்தார். “சொல்லும்மா.”

“கூட்டுரோட்டுல பஸ்ஸ நிறுத்தறாங்க. குடிக்க ஒரு சொட்டு தண்ணி கெடையாது. ஜனம் நாக்கு வறண்டு சாவுது. அந்த எடம் ஆவாதுன்னு எழுதுங்க.”

“சரி, பஸ்ஸு வேற எங்க நிக்கணும்னு எழுதட்டும்?”

அவள் யோசித்தாள். களத்தைப் பற்றி எழுதினால் எழுதியது யார் என்று சின்னக் குழந்தைக்கும் தெரிந்துவிடும். “அதெல்லாம் வேணாம். ஆவாதுன்னு மட்டும் எழுதுங்க, போதும்.”

பஞ்சாட்சரம் எழுதி முடித்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு படித்தார். “‘மேற்படி கூட்டுரோட்டில் குடிநீர் வசதியின்மையால் பயணிகள் சொல்லொணா அவதிக்குள்ளாகி வருகிறார்கள். எனவே சமூகம் அவர்கள் இது விஷயமாக ஆவன செய்யும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். இப்படிக்கு, ஊர்ப் பொதுமக்கள்.’”

முக்கால்வாசி அவளுக்கு விளங்கவில்லை. ஆனால் கடைசியில் ‘ஆவ’ என்று காதில் விழுந்தது. தான் சொன்ன ஆவாதைத்தான் வாத்தியார் படித்தவர்கள் பாஷையில் இழுத்து எழுதியிருக்கிறார் என்று திருப்தியாகத் தபால்பெட்டியில் போட்டுவிட்டு வந்தாள்.

மூன்றாம் மாசம் கூட்டுரோட்டுக்கு ஒரு லாரி வந்தது. ஆட்கள் இறங்கினார்கள், துளை போட்டார்கள், பச்சைப் பெயிண்ட் அடித்த அடிபம்பு ஒன்றை நட்டுவிட்டுப் போனார்கள். அடித்தால் இளநீர் மாதிரி தண்ணீர். அந்தத் தண்ணீரில் இந்திராணியின் டீக்கு ஒரு தனி ருசி வந்துவிட்டது என்று லாரி டிரைவர்கள் பேசிக்கொண்டார்கள். தண்ணீருக்கு வந்த பெண்களை நம்பிக் காய்கறிக்காரி ஒருத்தி கூடையை இறக்கினாள். அவளை நம்பி ஒரு பூக்காரி வந்தாள்.

“பாத்தியாக்கா,” என்றாள் இந்திராணி, டீ தம்ளரை நீட்டிக்கொண்டே. “ஊர்ல யாரோ புண்ணியவான் எழுதிப் போட்டானாம். நல்லா இருக்கட்டும் அவன் குடும்பம்.”

டீக்குக் காசு கொடுத்தால் வாங்கமாட்டாள். அக்காவிடம் வாங்குவேனா என்பாள். அதுதான் ஆதிலட்சுமிக்குத் தொண்டையில் இறங்காது. ஆனாலும் குடித்தாள். நன்றாகத்தான் இருந்தது. அது அதைவிடக் கொடுமை.

அடுத்த வெயில் காலத்தில் மறுபடியும் புங்கமரத்தடிக்குப் போனாள். நிழல் இல்லை, பிள்ளைத்தாய்ச்சிகள் மயக்கம் போட்டு விழுகிறார்கள், அந்த இடம் ஆவவே ஆவாது என்று அழுத்திச் சொன்னாள். பஞ்சாட்சரமும் அழுத்தி எழுதினார். ஆறு மாசத்தில் கூட்டுரோட்டில் சிமெண்ட்டுக் கூரையும் நீளமான சிமெண்ட்டு பெஞ்சும் போட்டுப் பயணிகள் நிழற்கூடம் வந்துவிட்டது. நிழலைக் கண்டதும் ஒரு வாடகை சைக்கிள் கடைக்காரன் வந்தான், ஒரு தையல் மிஷின் வந்தது, நாற்காலியோடு ஒரு முடிதிருத்துகிறவர் வந்தார். நிழற்கூடத்தின் சுவரில் யாரோ கரியால் ‘இந்திராணி ஸ்டாப்பிங்’ என்று எழுதிவைத்தார்கள்.

அதை ஆதிலட்சுமி தன் முந்தானையால் அழித்துப் பார்த்தாள். கரி முந்தானைக்கு வந்தது. எழுத்து சுவரிலேயே இருந்தது. துவைத்தபோது கறை போகவில்லை. அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு போகும்போதெல்லாம், இதென்ன அக்கா கறை என்று இந்திராணி கேட்பாள்.

மூன்றாவது பெட்டிஷன் இருட்டைப் பற்றி. பாம்பு நடமாட்டம், சங்கிலி அறுப்பு, பெண்பிள்ளைகள் இறங்கவே நடுங்குகிறார்கள். ஆவாது, ஆவாது, ஆவாது. மூன்று தடவை சொன்னாள். வரிசையாகக் கம்பம் நட்டு, கம்பி இழுத்து, குழல்விளக்குப் போட்டுவிட்டுப் போனார்கள். கரண்டு வந்ததும் மாவு மிஷின் வந்தது. தாமோதரன் அதற்காக ஒரு கட்டடமே கட்டினான். கீழே மிஷின், மேலே மாடி போட்டுக் குடித்தனம். அதுவரை அந்தப் பக்கத்தில் கடைக்குமேல் ஆள் குடியிருந்து யாரும் பார்த்ததில்லை. மேலே குழந்தை குதித்தால் கீழே சலித்துவைத்த மாவு கொஞ்சம் எழும்பும். அதைப் பார்க்கவென்றே மானாம்பதியிலிருந்து ஆட்கள் வந்தார்கள்.

ஏரிமேட்டில் உரல் சத்தம் நின்றுபோயிற்று. ஆதிலட்சுமியும் கேழ்வரகைத் தூக்கிக்கொண்டு கூட்டுரோட்டுக்குத்தான் போகவேண்டியிருந்தது. அப்படிப் போன ஒரு நாள், மாடிக் குடித்தனத்தில் இருந்த ஞானசுந்தரி டீச்சர் மிளகாய்த் தூளுக்காக இவள் பக்கத்தில் நின்றிருந்தாள். ஆதிலட்சுமிக்கு ரொம்ப நாளாக ஒரு சந்தேகம்.

“டீச்சர், ஆவனன்னா இன்னா?”

“ஆக வேண்டியதைச் செய்யுங்கன்னு அர்த்தம். மனு எழுதறவங்க போடுவாங்க.”

“ஆவாதுன்னு அர்த்தம் இல்லியா?”

“நேர்மாறும்மா. தண்ணி இல்ல, ஆவன செய்யுங்கன்னா, தண்ணி குடுங்கன்னு அர்த்தம்.”

மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஆதிலட்சுமி அடிபம்பைப் பார்த்தாள். நிழற்கூடத்தைப் பார்த்தாள். பகலிலேயே எரிந்துகொண்டிருந்த குழல்விளக்கைப் பார்த்தாள். அத்தனையும் அவள் கேட்டு வாங்கிக் கொடுத்தது. மகளுக்குக்கூட ஒரு தாய் இவ்வளவு சீர் செய்யமாட்டாள்.

கேழ்வரகை மிஷினிலேயே விட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸில் ஏறி நேரே புங்கமரத்தடிக்குப் போனாள்.

“நான் ஆவாதுன்னு சொன்னா நீங்க ஆவனன்னு எழுதிக்கினு கீறீங்களே, இது நாயமா? நாலு வருசமா என் ஓரகத்திக்கு நானே சீர்வரிசை வெச்சிக்கினு கீறேன்.”

பஞ்சாட்சரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் தொழிலைப் பற்றி இதுவரை யாரும் இப்படிக் குறை சொன்னதில்லை.

“ஆவன இல்லாம பெட்டிஷன் கிடையாதும்மா. அது இல்லன்னா வெறும் கடுதாசி.”

“கடுதாசியே போதும். இந்தத் தபா அந்த வார்த்தை உள்ள வரக்கூடாது. எங்க, பேனா மேல சத்தியம் பண்ணுங்க.”

பண்ணினார். அவள் சொன்னாள்: கூட்டுரோட்டில் இப்போது கூட்டம் தாங்கவில்லை, மானாம்பதி பஸ்ஸும் காஞ்சிபுரம் பஸ்ஸும் செங்கல்பட்டு பஸ்ஸும் ஒன்றின் முதுகில் ஒன்று நிற்கிறது, என்றைக்காவது ஒரு உயிர் போகப்போகிறது. பஞ்சாட்சரம் சத்தியத்தைக் காப்பாற்றினார். ஆவன என்று ஒரு இடத்திலும் எழுதவில்லை. ‘தக்க நடவடிக்கை எடுக்குமாறு’ என்று முடித்திருந்தார்.

தக்க நடவடிக்கை ஜீப்பில் வந்தது. நான்கு ஆபீசர்கள் சங்கிலி பிடித்துக் கல்லாங்குத்து முழுவதும் அளந்தார்கள். சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். அப்புறம் ரெண்டு வருஷம் செங்கல்லும் ஜல்லியும் வந்து இறங்கியபடியே இருந்தன. ஒரே கட்டடத்தில் எல்லாம் என்று பேசிக்கொண்டார்கள். நடுவில் ஆறு பஸ் நிற்க இடம். சுற்றிலும் கீழே பதினோரு கடை. மேலே பாங்கி, நெசவாளர் சொசைட்டி, டாக்டர், அதற்கும் பின்னால் குடித்தனங்கள். பஸ்ஸை விட்டு இறங்கினால் வேறெங்கும் போகவேண்டாம். சேலை எடுத்து, பல்லைப் பிடுங்கிக்கொண்டு, மேலேயே குடியிருந்துவிடலாம். இனி இது ஊர் இல்லை, டவுன் என்றார்கள். நிலம் கொடுத்ததற்காகத் தாமோதரனுக்கு மூலைக் கடையும் அதற்கு மேலே ஒரு வீடும் என்று பேச்சு.

ஏரிமேட்டில் ஒன்றும் மாறவில்லை. களத்தில் பஸ் சக்கரம் போட்ட வட்டத்தில் புல் முளைத்தது. கன்னியப்பன் அதன் நடுவில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுக்கொண்டு மத்தியானத்தில் நிம்மதியாகத் தூங்கினான். அவனைப் பார்க்கும்போதெல்லாம் ஆதிலட்சுமிக்குப் பற்றிக்கொண்டு வரும். தம்பி மாடிவீட்டுக்காரன் ஆகிறானே, உனக்கு ரோஷமே இல்லையா என்று கேட்பாள். அவன் திரும்பிப் படுத்துக்கொள்வான்.

இதையெல்லாம்கூட அவள் பொறுத்திருப்பாள். ராஜாராம் ஒரு சேதி சொல்லாமல் இருந்திருந்தால்.

“புது பஸ்ஸ்டாண்டு தொறக்கற அன்னிக்கே மெட்ராசுக்கு நேரா வண்டி வுடறாங்கக்கா. போர்டு எழுதக் குடுத்துட்டாங்க. வெறும் கூட்டுரோடுன்னா ஜில்லாவுல பத்து கூட்டுரோடு கீது இல்ல? அதனால ‘இந்திராணி கூட்டுரோடு’ன்னு போடறாங்க.”

“எங்க போடறாங்க?”

“பஸ்ஸு நெத்தியில. இம்மாம் பெரிய எழுத்து. உள்ள லைட்டு வெச்சி.”

ஆதிலட்சுமியின் பேர் பஸ்ஸுக்குள்ளே கூவப்பட்ட பேர்தான். அதுவும் காஞ்சிபுரம் வரைக்கும். இந்திராணி பேர் பஸ்ஸின் நெற்றியில் விளக்குப் போட்டுக்கொண்டு மெட்ராஸ் வரைக்கும் போகப்போகிறது.

மறுநாள் புங்கமரத்தடியில் பஞ்சாட்சரம் வழக்கம்போலக் கேட்டார்.

“பேர் போட்டா, போடாமயா?”

“போட்டு,” என்றாள் ஆதிலட்சுமி. “என் பேரு. பெரிசா.”

ஏழு வருஷத்துக்கு முன்னால் ஊருக்குள் வந்துகொண்டிருந்த பஸ்ஸை நிறுத்தச் சொல்லி ஒரு பெட்டிஷன் போயிருக்கிறது. அதைப் போட்டவள் இந்திராணி. அந்தக் காகிதத்தை எடுத்துப் பார்க்கவேண்டும். அக்காள் வீட்டு வாசலிலிருந்து பஸ்ஸைத் திருடினவள் பேர் பஸ்ஸில் இருக்கக்கூடாது. இப்படி எழுதச் சொல்லி, அடியில் மூன்றாங்கிளாஸில் கற்றுக்கொண்ட எழுத்தில் தானே கையெழுத்துப் போட்டாள். போட்டு முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

யூனியன் கமிஷனர் இரண்டு குடும்பத்தையும் வெள்ளிக்கிழமை விசாரணைக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பினார். சேதி வந்ததிலிருந்து கன்னியப்பனுக்குச் சோறு இறங்கவில்லை.

“வேணாம், இந்தா. ஏழு வருசத்துக் காயிதம். கரையான் தின்னுட்டு இருக்கும்.”

“தின்னாலும் பேர் கீற எடத்த தின்னிருக்காது,” என்றாள் ஆதிலட்சுமி.

விசாரணையில் இந்திராணி முதலிலேயே அழுதுவிட்டாள்.

“நான் பெட்டிஷன் போட்டேனாக்கா? எனக்கு எழுதவே தெரியாதே, நான் கைநாட்டு. நாலு பேர் எறங்கற எடத்துல டீ போட்டேன். மத்ததெல்லாம் யாரோ எழுதி எழுதி வந்து கொட்டிக்கினு போனாங்க. நான் ஒண்ணும் கேக்கல.”

“கேக்காமயா மாடி வந்துது?”

“மாடி வந்து இன்னா? ஆரன் சத்தத்துல நான் தூங்கி ஏழு வருசம் ஆவுது. துணி காயப்போட்டா கறுப்பாயிடுது. நீ கோழி கூவி எழுந்திருக்கற. ஏரிக்காத்துல படுத்துக்கற. அன்னிக்கு பாகம் பிரிக்கச் சொல்ல முந்திக்கினியே, அத நெனச்சா எனக்கு இன்னும் வயிறு எரியுதுக்கா.”

ஆதிலட்சுமிக்கு ஏழு வருஷத்தில் முதல்தடவையாக வயிற்றுக்குள் குளுகுளுவென்று இருந்தது. இன்னும் கொஞ்சம் சொல்லமாட்டாளா என்று பார்த்தாள். ஆனால் அதற்காகக் காகிதத்தை விட்டுவிட முடியாது. சொல்லுவதெல்லாம் இருக்கட்டும், அந்தப் பெட்டிஷன் வரட்டும் என்றாள்.

கமிஷனர் பியூன் செங்கேணியை அழைத்தார். அவன் கூட்டுரோடு ஃபைலை ரெண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து மேஜைமேல் வைத்தான். நல்ல தடிமன். கமிஷனர் மேலேயிருந்து ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

“இதப் பாருங்க, கூட்ட நெரிசல். இது தெருவிளக்கு. இது நிழற்கூடம். இது குடிநீர். எல்லாம் மொட்டைப் பெட்டிஷன். ஊர்ப் பொதுமக்கள்னு போட்டு யாரோ ஒரே ஆள் எழுதியிருக்கார். இவ்வளவு கடமை உணர்ச்சியுள்ள ஆள நான் என் சர்வீஸ்ல பார்த்ததில்ல. இந்த டவுனையே கட்டினது அந்த மனுஷன்தான்.”

“அது யாருன்னு தெரிஞ்சா கால்ல வுழுவேன் சார்,” என்றான் தாமோதரன் தழுதழுத்த குரலில். அவன் அண்ணிக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தான்.

ஆதிலட்சுமி தன் காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள்.

“அதெல்லாம் வேணாங்க. அடியில கீற காயிதத்த எடுங்க,” என்றாள்.

கன்னியப்பனுக்கு அந்த நேரத்தில் மாட்டின் ஞாபகம் வந்துவிட்டது. தண்ணி காட்டவில்லை, போய்விட்டு வந்துவிடுகிறேன் என்று எழுந்தான். ஆதிலட்சுமி அவன் வேட்டியைப் பிடித்து உட்காரவைத்தாள். எவள் பேர் வருகிறது என்று இவனும்தான் கேட்கட்டுமே. ஏழு வருஷமாக அவள் சொன்னபோதெல்லாம் திரும்பிப் படுத்துக்கொண்டவன்.

கமிஷனர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அடியில் இருப்பது பஸ் ஆபீசிலிருந்து வந்த பழைய தாள், மை மங்கிவிட்டது, நீயே படித்துவிடு என்று செங்கேணியிடம் தள்ளினார். செங்கேணி ஃபைல் நாடாவை அவிழ்த்து, கடைசித் தாளை உருவி, தூசியை ஊதிவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். எல்லாரும் இந்திராணியைப் பார்த்தார்கள். இந்திராணி ஆதிலட்சுமியைப் பார்த்தாள். கன்னியப்பன் தரையைப் பார்த்தான்.

“இது மொட்டை இல்லீங்க, ஒழுங்கா கையெழுத்து போட்டு கீது,” என்று செங்கேணி எழுத்துக் கூட்டிப் படித்தான்: “‘கண்டக்டர் நாளொன்றுக்கு ஆறு முறை என் மனைவியைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார், கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் நானே அவளை இன்னும் ஒரு முறைகூட அப்படிக் கூப்பிட்டதில்லை. இப்படிக்கு, ஏரிமேடு கன்னியப்பன்.’”